கடலைப் பார்த்த மேசை

கொள்ளுப்பிட்டி,
12 நவம்பர் 1939

முருகன் துணை.

என்னைப் பெறாமல் வளர்த்த அக்கா ஆச்சிப்பிள்ளைக்குத் தம்பி கோணாமலை எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீங்களும் அத்தானும் அங்கே சுகமாயிருக்க மண்டூர்க் கந்தனைக் கும்பிடுகிறேன்.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. கடலோரம் இத்தாலிக்காரர் ஒருவர் நடத்துகிற சாப்பாட்டு ஹோட்டல். கார்லெட்டி என்று பெயர். நாங்கள் அவரைச் சிஞோர் என்று கூப்பிட வேண்டும், நம்மவர் ஐயா என்பதுபோல. துரைமாரும் பெரிய வக்கீல்மாரும்தான் வருகிறவர்கள். எல்லா மேசைக்கும் வெள்ளைத் துணி, நடுவில் பூச்சாடி. எனக்கு மேசைக்குப் பரிமாறுகிற வேலை. வெள்ளைக் கோட்டும் சப்பாத்தும் தந்திருக்கிறார்கள். சப்பாத்து கடித்துக் குதிக்காலில் தோல் இல்லை.

அக்கா, இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று மத்தியானம், ஆட்கள் வருமுன், சிஞோர் என்னைக் கடலைப் பார்த்த மேசையில் இருத்தினார். கையில் துவாய் போட்டுக்கொண்டு அவரே எனக்குப் பரிமாறினார். "நீ ஒருநாள் இருந்து சாப்பிட்டால்தான் மேசையில் இருக்கிறவன் மனம் உனக்கு விளங்கும்" என்றார். முதலில் சூப்பு வந்தது. பிறகு ஸ்பகெட்டி என்று ஒன்று. நம்முடைய இடியப்பத்தைவிடத் தடிப்பு, ஒவ்வொரு நூலும் ஒரு முழம் நீளம், மேலே தக்காளிப்பழக் குழம்பு. முள்ளுக்கரண்டியால் எடுத்தால் வழுகி வழுகிப் போகிறது. அவர் என் கையைப் பிடித்துச் சுற்றக் காட்டித் தந்தார். நான் அவசரமாக விழுங்கினதைக் கண்டு, "ஆறுதலாகச் சாப்பிடு, உன் சாப்பாட்டுக் கோப்பையை யாரும் பறிக்க வரவில்லை" என்றார். அப்போது உங்களை நினைத்தேன். எல்லாரும் தின்று முடிந்தபிறகு அடுப்படியில் சட்டியை வழித்துக்கொண்டிருப்பீர்களே.

குருமண்வெளித் துறையில் ஓடம் ஏறும்போது அத்தான் எல்லாருக்கும் முன்னால் என்ன சொன்னார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இவன் எங்க போனாலும் மூணு மாசம் நிக்கமாட்டான்." இந்த முறை நிற்பேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கோணாமலை


மண்டூர்,
3 டிசம்பர் 1939

அன்புள்ள தம்பி கோணாமலைக்கு அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நல்ல சுகம். உன் சுகத்துக்குக் கடிதம் எழுது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். "மெய்தானோகா? வெள்ளக்காரன் இவன மேசையில இருத்திச் சாப்பாடு குடுத்தானாமா?" என்று கேட்டார். பிறகு வயல் வட்டையில் நாலு பேருக்கு அவரே அதைச் சொன்னாராம். மழை நன்றாகப் பெய்கிறது. வேளாண்மை பச்சைப் பசேலென்று நிற்கிறது.

அந்த ஸ்பகெட்டிக்கு அரிசி மாவா, கோதுமை மாவா? எழுது. மாட்டிறைச்சி தின்கிற ஆட்கள், நீ கவனம்.

விளக்கீட்டன்று மணலை மீன் முள்ளொன்று என் தொண்டையில் தைத்துவிட்டது. சோற்று உருண்டை விழுங்கினேன். இன்னும் அங்கேயே நிற்கிறதுபோல ஒரு நினைப்பு. வேறொன்றுமில்லை. குதிக்காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசு.

அக்கா,
ஆச்சிப்பிள்ளை


கொள்ளுப்பிட்டி,
20 ஜனவரி 1940

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை. முள் போய்விட்டதா?

ஸ்பகெட்டிக்குக் கோதுமை மா. முட்டை சேர்த்துக் குழைத்து உருட்டுவதும் உண்டு. சிஞோர் ஒரு நூலை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் அடுப்பிலிருந்து இறக்கச் சொல்வார்.

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர் புதுப் பெண்சாதியோடு வந்தார். கூறைச்சேலையின் மடிப்புக்கூடக் குலையவில்லை, அப்படிப் புதுசு. முன்னால் கத்தி, முள்ளு, கரண்டி என்று ஏழெட்டு. எதை எடுப்பதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது அந்தப் பிள்ளை. புருஷன் பக்கத்து மேசைத் துரையோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் தண்ணீர் ஊற்றுகிறவன்போலப் போய், சூப்புக் கரண்டியை அதன் கைப்பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, "இதால குடியுங்க தங்கச்சி, ஒருத்தரும் பாக்கேல்ல" என்றேன். அது நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீங்கள் தமிழோ" என்று கேட்டது. அவ்வளவுதான். சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது.

சிஞோர் கண்டுவிட்டார். ஏசப்போகிறார் என்று பயந்தேன். குசினி அடுப்படிக்குள் வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

தம்பி,
கோணாமலை


மண்டூர்,
2 மார்ச் 1940

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம்.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நெல் சூடடிப்புக் காலம். களத்தில் நிற்கிற ஆட்களுக்கெல்லாம் ஆக்கிப் போட வேண்டும். அத்தான் நான் மெலிந்துபோனேன் என்கிறார். களத்து வேலைக்கு மெலியாமல் என்ன.

அந்தப் பிள்ளை திரும்ப வந்ததா? வந்தால் அது என்ன தின்றது, எப்படித் தின்றது என்று எழுது. உன் ஹோட்டலில் மெல்லாமல் விழுங்கக்கூடிய சாப்பாடு எவை? அந்தச் சூப்பு தண்ணீராக இருக்குமா, கஞ்சி மாதிரித் தடிப்பாக இருக்குமா? தொண்டையில் இறங்கும்போது எப்படி இருக்கும்? இதெல்லாம் ஏன் கேட்கிறாள் என்று சிரிக்காதே. இங்கே எனக்கு வேறு என்ன புதினம். நீ எழுதுகிறதை வாசித்தால் நானும் பக்கத்தில் இருந்து தின்றதுபோல இருக்கிறது.

நீட்டி எழுது.

அக்கா


கொள்ளுப்பிட்டி,
20 ஏப்ரல் 1940

அன்புள்ள அக்காவுக்கு, நலம். வருஷப் பிறப்புக்கு வெள்ளைக் கோட்டோடு படம் பிடித்தேன், இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டபடி நீட்டியே எழுதுகிறேன். சூப்பில் இரண்டு விதம். ஒன்றில் அவரைக் கொட்டையும் கரட்டும் கோவா இலையும் கரைந்துபோகிற மட்டும் வேகவைத்திருக்கும். மற்றது கோழி எலும்பை நாள் முழுக்க அவித்து, துணியில் வடித்து, தேயிலைத் தண்ணீர்போலத் தெளிவாக எடுப்பது. அது வாயில் பட்டதும் தானே இறங்கிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடைசியில் ஐஸ்கிரீம். பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து ஐஸ்பெட்டியில் இறுக்குவது. நாக்கில் வைத்தால் முதலில் சுடுவதுபோல இருக்கும், பிறகு இருக்கிற இடம் தெரியாது.

சொல்ல வந்தது வேறு. சிஞோர் என்னைப் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவனாக்கிவிட்டார். அது மட்டுமில்லை. உங்களைப் பற்றிச் சொன்னேன். "உன் அக்காவைக் கூட்டி வா, அந்த மேசையிலேயே இருத்தி நான் பரிமாறுவேன்" என்றார். பகிடிக்குச் சொல்கிறவர் இல்லை. அத்தானோடு ரயில் ஏறுங்கள். அடுத்த மாதமே வாருங்கள்.

தம்பி,
கோணாமலை


மண்டூர்,
26 மே 1940

அன்புள்ள தம்பிக்கு, இங்கே சுகம். உன் சுகத்தை அறிய ஆவல்.

படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அத்தான் போகிற வருகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

உன் சிஞோரைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று சொல்லு. இப்போது வர ஏலாது மனே. அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிய வேண்டும், கோடை வேளாண்மை இருக்கிறது. பரிகாரியார் ஒரு மருந்து தந்திருக்கிறார், அதுவும் ஒரு மண்டலம் தின்ன வேண்டும். பயப்படுகிற நோய் வருத்தம் இல்லை. இந்தக் கோலத்தில் வந்து அந்த மேசையில் இருந்தால் உனக்குத்தான் வெட்கம். ஆவணித் தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறேன். அந்த மனிதர் அதுவரை பொறுப்பார்தானே.

அக்கா


கொட்டாஞ்சேனை,
7 ஜூலை 1940

அன்புள்ள அக்காவுக்கு, நான் நல்ல சுகம். உங்கள் வருத்தம் என்னவென்று எழுதவில்லையே. மருந்து கேட்டதா?

இனிமேல் ஹோட்டல் விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம். அங்கே கடிதங்கள் கை மாறிப்போகின்றன. மேலே எழுதியிருக்கிற கடை விலாசத்துக்குப் போடுங்கள். கடைக்காரர் எனக்கு வேண்டியவர்.

அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை திரும்ப வந்தது. இப்போது முள்ளுக்கரண்டி அதன் கையில் விளையாடுகிறது. மீன் கேட்டது. வெண்ணெயில் பொரித்து, தேசிக்காய் பிழிந்து, முள் ஒன்றும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். சோறும் கேட்டது. இத்தாலிக்காரர் சோற்றைச் சூப்பிலேயே கிண்டிக் கிண்டிக் குழைய வைப்பார்கள், நம்முடைய பால்கஞ்சிபோல. மெல்லத் தேவையில்லை. பிறகு இரண்டு ஐஸ்கிரீம். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனது.

சிஞோர் சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தம்பி,
கோணாமலை


மண்டூர்,
25 ஆகஸ்ட் 1940

அன்புள்ள தம்பிக்கு, அத்தான் சுகம். தீர்த்தம் முடிந்து ஒரு கிழமை. நான் வீட்டிலிருந்தே கும்பிட்டேன்.

கை நடுங்குகிறது, அதனால் எழுத்துக் கோணல். அத்தானிடம் கொடுத்து எழுதுவிக்க விருப்பமில்லை.

நான் கொழும்புக்கு வரட்டுமா? ஹோட்டலைப் பார்க்க வேண்டுமென்று இல்லை. மேசையும் வேண்டாம். நீ இருக்கிற அறையில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். நாலைந்து நாள் நிற்கிற மாதிரி ஒரு சோலி இருக்கிறது, வந்து சொல்கிறேன். அத்தான் கூட்டி வருவார். நீ கோட்டை ஸ்டேஷனுக்கு வந்தால் சரி.

நீ எந்த வேலையில் எப்படி இருந்தாலும் அது எனக்கு ஒரு குறையே இல்லை மனே. உடனே பதில் போடு.

அக்கா


கொட்டாஞ்சேனை,
14 செப்டம்பர் 1940

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பல நாள் யோசித்தேன்.

இப்போது வர வேண்டாம் அக்கா. யுத்த நேரம், துறைமுகம் எங்கும் பட்டாளம். அறையில் நாங்கள் ஆறு ஆண்கள், பெண்கள் தங்குகிற இடம் இல்லை. ஹோட்டலில் வேலையும் கூட, ஸ்டேஷனுக்கு வரக்கூட விடமாட்டார்கள். உங்களை இங்கே கூப்பிட்டுவிட்டு அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. தை பிறக்கட்டும். நானே வந்து கூட்டிக்கொண்டு போய், சொன்னபடி அந்த மேசையிலே இருத்துவேன்.

போன கிழமை ஒரு கல்யாண விருந்து. ஐம்பது பேர். முதலில் கோழிச் சூப்பு, பிறகு பாலில் வேகவைத்த மீன், பிறகு முட்டையும் சீனியும் வைனும் அடித்து நுரையாக எடுக்கிற ஒரு பலகாரம். கரண்டியில் நிற்கும், வாயில் நிற்காது. அதைத் தின்றபோது எல்லாரும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

சந்தோஷமாக இருங்கள்.

தம்பி,
கோணாமலை


மண்டூர்,
24 நவம்பர் 1940

கோணாமலைக்குக் கந்தப்போடி எழுதுவது. உன் அத்தான்தான் எழுதுகிறேன், சுகம் விசாரித்து எழுதக் கை வரவில்லை.

உன் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மோசம் போனாள். தந்தி அடிக்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஆறு பெருகி நாலு நாள் ஓடம் விடவில்லை. வைத்திருக்க ஏலாமல் அடக்கம் செய்துவிட்டோம்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் எழுதுகிறேன். அது முள் இல்லை. தொண்டைக்குள் கட்டி. மாசியிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனியிலிருந்து கஞ்சித் தெளிவுதான். உனக்கு எழுதவேண்டாம் என்று என்னைச் சத்தியம் பண்ண வைத்தாள். "அறிஞ்சானெண்டா வேலைய எறிஞ்சிட்டு வந்திருவான். மறுகா ஊர் என்ன சொல்லும்" என்றாள்.

கஞ்சி கொடுக்கிற நேரம் உன் கடிதத்தை எடுத்துத் தந்து வாசிக்கச் சொல்வாள். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். மீன், ஐஸ்கிரீம் என்று நான் வாசிக்க, ஒரு கரண்டி தெளிவை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். சில நாள் இறங்கும். சில நாள் மூக்கால் வந்துவிடும். வந்தாலும், "நிப்பாட்டாதங்க, வாசிங்க" என்பாள்.

ஆடி மாதம் மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்குத்தர் பார்த்துவிட்டு, உடனே கொழும்புக்குக் கொண்டுபோனால் ஒரு வழி இருக்கலாம், நாள் போனால் சொல்ல ஏலாது என்றார். அதற்குத்தான் உனக்கு எழுதினாள். உன் பதில் வந்தது. வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். "தை பிறக்கட்டுமாம்" என்றாள். நான் கூட்டிப்போகிறேன், எங்காவது மடத்தில் தங்குவோம் என்று எத்தனை தரம் கேட்டேன். "தம்பி வேணாமெண்ட ஊருக்கு நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை மார்கழி முதற் கிழமையில் வரும். வர ஏலுமானால் வா.

கந்தப்போடி


கொட்டாஞ்சேனை,
8 டிசம்பர் 1940

அத்தானுக்குக் கோணாமலை வணங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்த அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன். மட்டக்களப்பு வண்டி நின்றது. ஏறவில்லை. மறுநாளும் போனேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலை இல்லை. ஜூன் மாதம் பத்தாம் தேதி இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. அடுத்த நாள் காலை பொலிஸ் வந்தது. சிஞோர் மேசைத் துணிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரனைக் கழற்ற விடும்படி கேட்டார், விட்டார்கள். தியத்தலாவைப் பக்கம் முகாமில் வைத்திருப்பதாகக் கேள்வி. பொலிஸ் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "அடுப்பில் சூப்பு இருக்கிறது, இறக்கி வை" என்றார். இறக்கினேன். யாரும் வராத மேசைகளையெல்லாம் துடைத்தேன். பின்னேரம் கதவைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

அன்றிலிருந்து துறைமுகத்தில் கரி சுமக்கிறேன். ஜூலையிலிருந்து நான் எழுதினதெல்லாம் பொய். அந்தப் பிள்ளை திரும்ப வரவே இல்லை. ஐம்பது பேர் விருந்து நடக்கவில்லை. அக்கா ஆசைப்பட்டுக் கேட்கிறா என்று உண்டாக்கி எழுதினேன். கரி படிந்த கையோடு இருந்து எழுதுவேன். எழுதும்போது எனக்கும் பசிக்கும்.

வரட்டுமா என்று அவ கேட்டபோது, ஏன் கேட்கிறா என்று நான் யோசிக்கவில்லை. வந்தால் பிடிபட்டுவிடுவேன், நீங்கள் துறையில் சொன்னது சரியாகிவிடும் என்று மட்டும்தான் யோசித்தேன். ஹோட்டல் வேண்டாம் என்று எழுதியிருந்ததை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அன்றைக்கும் வாசித்தேன்தான்.

அறையில் பாய் விரிக்க இடம் இருந்தது அத்தான்.

என்னை என்ன சொன்னாலும் சரி. ஒரு வரி எழுதுங்கள்.

கோணாமலை


மண்டூர்,
12 ஜனவரி 1941

கோணாமலைக்குக் கந்தப்போடி எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் சென்றது. மறைக்காமல் எழுதுகிறேன்.

அவளுக்குத் தெரியும். ஆனி கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார் பேப்பரோடு வந்து, இத்தாலிக்காரரையெல்லாம் பிடித்து அடைத்துவிட்டார்களாம், உங்கள் தம்பிக்கு வேலை எப்படி என்று கேட்டார். "அவனுக்கென்ன, வேற இடம் பாப்பான்" என்று சொல்லி அனுப்பினாள். அடுத்து உன் கடிதம் வந்தது. அந்தப் பிள்ளை மீன் தின்றதும் ஐஸ்கிரீம் தின்றதும். நான் வாசித்துக்கொண்டு போனேன். "கண்டியளா, எவ்வளவு வடிவா எழுதிறான். சாப்பிட்டானோ தெரியா" என்றாள்.

நான் கோபத்தில், இவனுக்கு இப்போதே எழுதுகிறேன், பொய்க்காரன் என்று பேனையை எடுத்தேன். பறித்து வைத்துவிட்டாள். "அவனாச் சொல்லட்டும். வந்து நிண்டா அவனாச் சொல்லுவான்" என்றாள். அதற்குத்தான் ஹோட்டல் வேண்டாம், பாய் விரிக்க இடம் போதும் என்று எழுதினாள். நீ வேண்டாமென்று எழுதினதும், "நான் வந்தா அவன் வெக்கப்பட்டுப் போவான்" என்று இருந்துவிட்டாள்.

உனக்கு ஒரு வரி நான் எழுதியிருக்கலாம். எல்லாம் தெரியும், அக்காவுக்குக் கட்டி, ஸ்டேஷனுக்கு வா என்று. அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. அவள் சொல்லை நான் ஒருநாளும் கேட்டவன் இல்லை. இதை மட்டும் கேட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

வேளாண்மை கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நிற்கிறது. பார்க்கப் போகிறேன், வருகிறேன். கடிதம் மட்டும் கொஞ்ச நாளைக்குப் போடாதே. வாசல் படலையில் தபால்காரன் சத்தம் கேட்டால், "இந்தாகா, தம்பிட கடிதம்" என்று நான் உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிடுகிறேன்.

கந்தப்போடி